தாத்தாவோட ஹெரால்டும் 430 கோடி ஃபெராரியும்: பழைய கார் முதலீடா, ஆசையா?

வழக்கமா நம்ம சேனல்ல மியூச்சுவல் ஃபண்ட், டேர்ம் இன்ஷூரன்ஸ், வரி சேமிப்புன்னு பேசுவோம். இன்னைக்கு ஒரு கார் கதை. காருக்குள்ள கடன், வாரிசுரிமை, வருமான வரி மூணும் உட்கார்ந்திருக்கு. அதனால கடைசி வரை படிங்க.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். நம்ம சப்ஸ்க்ரைபர் ஒரு தம்பி போன் பண்ணாரு. சென்னையில ஐ.டி. வேலை, கைக்கு வர்ற சம்பளம் 52,000. சொந்த ஊர் வத்திராயிருப்புக்கு மேற்கே, பிளவக்கல் அணைக்குப் போற வழி. "அண்ணே, தாத்தா கார் ஒண்ணு தோப்புல நிக்குது. ரெஸ்டோர் பண்ணி வித்தா நல்ல லாபம்னு சொல்றாங்க. பேங்க்ல பர்சனல் லோன் அப்ரூவ் ஆயிடுச்சு. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்து பாருங்கண்ணே"ன்னாரு.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து கிருஷ்ணன்கோவில், வத்திராயிருப்பு வழியா போனேன். தென்னந்தோப்புக்குள்ள ஒரு தகர ஷெட். உள்ளே தார்ப்பாயை விலக்கினா, 1968 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. நாலு டயரும் தரையோட தரையா. சீட்டுல எலி கூடு கட்டியிருக்கு. ஆனா பாடி முழுசா இருக்கு, இன்ஜின் அதே இன்ஜின்.

தம்பி போட்டு வச்சிருந்த கணக்கு இதுதான். ராஜபாளையத்துல ஒரு மெக்கானிக் டிங்கரிங், பெயிண்டிங், இன்ஜின் வேலை எல்லாம் சேர்த்து 6 லட்சம் சொல்லியிருக்காரு. ரெடி பண்ணா 10 லட்சத்துக்குப் போகும்னு ஒரு புரோக்கர் சொல்லியிருக்காரு. அதே புரோக்கர், இப்ப இருக்கிற நிலையிலேயே குடுத்தா 1.5 லட்சம் தர்றேன்னும் சொல்லியிருக்காரு. "6 போட்டா 10. நாலு லட்சம் லாபம் தானேண்ணே?"

அது மட்டும் இல்ல. மேற்கூரையை அறுத்து எடுத்துட்டு, திறந்த ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி ஆக்கணும்னும் ஒரு ஆசை. போன்ல ஒரு ஃபெராரி வீடியோ காட்டினாரு. "இது 430 கோடிக்குப் போயிருக்குண்ணே!"

சரி, அந்த ஃபெராரியில இருந்தே ஆரம்பிப்போம்.

430 கோடி ஃபெராரியின் கதை

அந்த காரோட பேரு ஃபெராரி 250 ஜிடிஓ. 1962ல இருந்து 1964 வரைக்கும் தயாரிச்சாங்க. மொத்தம் 36 கார்னு பொதுவா சொல்லுவாங்க. அப்போ அமெரிக்காவுல விலை சுமார் 18,000 டாலர். பணம் இருந்தா மட்டும் போதாது, யாருக்கு விக்கலாம்னு என்ஸோ ஃபெராரியே முடிவு பண்ணுவாரு.

தம்பி காட்டினது சேசிஸ் நம்பர் 3765. 4 லிட்டர் இன்ஜினோட ஃபெராரி கம்பெனியே தன்னோட டீம்ல ஓட்டின கார். 1962ல ஜெர்மனியில நூர்பர்க்ரிங் 1000 கி.மீ. ரேஸ்ல ஒட்டுமொத்தமா இரண்டாவது இடம், தன்னோட பிரிவுல முதலிடம். அதே வருஷம் லே மான் 24 மணி நேர ரேஸ்ல பாதியில நின்னு போச்சு. அப்புறம் இத்தாலியில தனியார் கைக்குப் போய், சிசிலி தீவு மலைப்பாதை ரேஸ்கள்ல ஓடி, கடைசியா அமெரிக்கா போச்சு. 1985ல ஒஹையோவைச் சேர்ந்த ஒருத்தர் 5 லட்சம் டாலருக்கு வாங்கினாரு. 38 வருஷம் வச்சிருந்தாரு. கார் கண்காட்சிகளுக்குக் கொண்டு போனாரு, பரிசு வாங்கினாரு. 2023 நவம்பர்ல நியூயார்க் ஏலத்துல 5.17 கோடி டாலருக்குப் போச்சு. அன்னைக்கு நம்ம பணத்துல சுமார் 430 கோடி.

கேட்கவே மலைப்பா இருக்குல்ல? இப்ப கால்குலேட்டரை எடுங்க.

5 லட்சம் டாலர் 5.17 கோடி டாலர் ஆனா 103 மடங்கு. 38 வருஷத்துல 103 மடங்குன்னா ஆண்டு கூட்டு வளர்ச்சி சுமார் 13 சதவீதம். அவ்வளவுதான்! அதுவும், வாங்குறவர் ஏலக் கம்பெனிக்குக் கட்டுற கட்டணத்தையும் சேர்த்த விலை இது. 38 வருஷ இன்ஷூரன்ஸ், பராமரிப்பு, பாதுகாப்புச் செலவு எதையும் நாம கழிக்கவே இல்ல. ஏலத்துக்கு முன்னாடி 6 கோடி டாலருக்கு மேல போகும்னு எதிர்பார்த்தாங்க, அதுவும் நடக்கல.

இது டாலர் கணக்கு. ரூபாய்ல போட்டா, டாலர் 12 ரூபாயில இருந்து 83 ரூபாய்க்கு ஏறினதும் சேர்ந்து சதவீதம் கூடும். அதனால "கார் மோசமான முதலீடு"ன்னு நான் சொல்ல வரல. உலகத்துலேயே அதிகமா தேடப்படுற காரே வருஷத்துக்கு 13 சதவீதம்தான் குடுத்திருக்கு. 103 மடங்கு ஆக்கினது காரோட மாயம் இல்ல, 38 வருஷம்ங்கிற காலம்.

அதே மாடல், புல்லுக்காட்டுல நின்ன கதை

இன்னொரு ஜிடிஓ கதையும் தெரிஞ்சுக்கணும். சேசிஸ் 3589. இங்கிலாந்துல ரேஸ் ஓடி, அமெரிக்காவுல டெக்சாஸ் போச்சு. அங்க இருந்த ஓனர் அதை ஒரு ஹைஸ்கூலுக்கு நன்கொடையா குடுத்துட்டாரு. பசங்க மெக்கானிக் வேலை கத்துக்கிறதுக்கு! 1972ல ஸ்கூல் அதை 6,500 டாலருக்கு வித்துச்சு. வாங்கினவர் ஒரு டிரெய்லர் மேல ஏத்தி, வயல்வெளியில மழையிலயும் பனியிலயும் பத்து வருஷத்துக்கும் மேல அப்படியே விட்டுட்டாரு. 1980களோட கடைசியிலதான் அது வெளிய வந்து கை மாறிச்சு.

18,000 டாலர் கார் பத்து வருஷத்துல 6,500 ஆயிருக்கு. அதாவது "பழசானா விலை ஏறும்"ங்கிறது விதி இல்ல. முதல்ல எல்லா காரும் வெறும் பழைய கார்தான். அதுல ரொம்பச் சிலது மட்டும் அரிய கார் ஆகுது. எது ஆகும்னு 1972ல அந்த ஸ்கூலுக்குத் தெரியல.

விலை ஏறினதும் நேர்கோட்டுல இல்ல. 1990 வாக்குல ஜிடிஓ விலை ஒரு கோடி டாலரைத் தாண்டிச்சு. அடுத்த சில வருஷத்துல பாதிக்கும் கீழ இறங்கிச்சு. உச்சத்துல கடன் வாங்கி வாங்கினவர் நிலைமையை யோசிச்சுப் பாருங்க.

இன்னொரு பாடம்: இந்தக் கார்களோட விலையில பெரிய பங்கு தகரத்துக்கு இல்ல, காகிதத்துக்கு. எந்த சேசிஸ், எந்த இன்ஜின் நம்பர், யார் யார் கையில இருந்துச்சு, எந்த ரேஸ்ல ஓடிச்சு, எந்த வருஷம் எந்த வேலை செஞ்சாங்க, எல்லாத்துக்கும் ஆதாரம் வேணும். பழைய கார்களைத் தன்னோட ஆவணங்களோட ஒப்பிட்டுச் சான்று தர்றதுக்குன்னே ஃபெராரியில தனிப் பிரிவு இருக்கு. ரெஸ்டோர் பண்றதுன்னா புதுசா பளபளன்னு ஆக்குறது இல்ல, ஃபேக்டரியை விட்டு வந்த நிலைக்குத் திரும்பக் கொண்டு போறது.

நம்ம ஹெரால்டு சாதாரண கார் இல்ல

தம்பி மனசு உடைஞ்சிடக் கூடாதுன்னு இதையும் சொன்னேன். ஸ்டாண்டர்ட் ஹெரால்டு நம்ம சென்னை தயாரிப்பு. வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1961ல இருந்து பத்து வருஷம் போல தயாரிச்சாங்க. மூலம் இங்கிலாந்தோட ட்ரையம்ப் ஹெரால்டு. வடிவமைச்சவர் இத்தாலிக்காரர் ஜியோவன்னி மிக்கலோட்டி. பானெட்டைத் திறந்தா முன்பக்கம் மொத்தமா சாயும், அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அதுவே வேடிக்கை.

இதே ஹெரால்டு சேசிஸைச் சுருக்கித்தான் 1962ல ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர்ங்கிற ஸ்போர்ட்ஸ் கார் வந்துச்சு. அதனால தோப்புல நிக்குறது ஒரு ஸ்போர்ட்ஸ் காரோட அண்ணன்னு சொன்னா தப்பில்ல. தம்பி முகத்துல அப்பத்தான் சிரிப்பு வந்துச்சு.

ஆனா கூரையை அறுக்கிற யோசனைக்கு "வேண்டாம்"னு சொன்னேன். ரெண்டு காரணம். ஒண்ணு, மோட்டார் வாகனச் சட்டத்தோட 52வது பிரிவு. கம்பெனி குடுத்த அமைப்பை நம்ம இஷ்டத்துக்கு மாத்தினா ஆர்.சி.க்கே சிக்கல். ரெண்டாவது, 2021ல வந்த விண்டேஜ் வாகன விதி. 50 வயசைத் தாண்டின, வணிகத்துக்கு ஓடாத டூவீலரையும் காரையும் விண்டேஜா பதியலாம். ஆனா வண்டி அசல் வடிவத்துல இருக்கணும். சேசிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் செஞ்சிருக்கக் கூடாது. அறுவை மெஷின் கூரையில பட்ட நிமிஷமே அந்தத் தகுதி போயிடும், அசல் காருக்குன்னு தேடி வர்றவரும் போயிடுவாரு.

இப்ப லோன் கணக்கு

6 லட்சம் பர்சனல் லோன், 14 சதவீத வட்டி, 5 வருஷம். இ.எம்.ஐ. சுமார் 13,960. மொத்தம் கட்டுறது சுமார் 8.38 லட்சம். 52,000 சம்பளத்துல நாலுல ஒரு பங்குக்கு மேல, ஒரு காருக்கு. சென்னை வாடகை, வீட்டுக்கு அனுப்புற பணம் எல்லாம் போக என்ன மிஞ்சும்?

"5 வருஷம் கழிச்சு வித்தா?"ன்னு கேட்டாரு. சரி, நஷ்டம் இல்லாம இருக்கணும்னா என்ன விலைக்கு விக்கணும்னு பார்ப்போம்.

• அதே 13,960ஐ மாசா மாசம் எஸ்.ஐ.பி.யில போட்டு, 12 சதவீதம் கிடைச்சதா வச்சுக்கிட்டா, 5 வருஷத்துல சுமார் 11.5 லட்சம்.
• இன்னைக்கு இருக்கிற நிலையிலேயே 1.5 லட்சத்துக்குக் குடுத்து, அதையும் 12 சதவீதத்துல போட்டா சுமார் 2.6 லட்சம்.
• இன்ஷூரன்ஸ், பேட்டரி, டயர், ஆயில், சின்னச் சின்ன ரிப்பேர்னு வருஷத்துக்கு 40,000 வச்சா 5 வருஷத்துக்கு 2 லட்சம்.

மொத்தம் 16.1 லட்சம். அந்த விலைக்கு வித்தாதான் "சமமா முடிஞ்சது"ன்னு அர்த்தம். புரோக்கர் சொல்றது 10 லட்சம், அதுவும் வாய் வார்த்தை. 12 சதவீதம்ங்கிறது உத்தரவாதம் இல்ல, கூடலாம், குறையலாம். 10 சதவீதம்னு போட்டாலும் முடிவு மாறாது.

அப்போ வித்தியாசம் 6.1 லட்சம். 60 மாசத்துக்குப் பிரிச்சா மாசம் சுமார் 10,000. இந்த நம்பரைத்தான் நான் தம்பி கையில எழுதிக் குடுத்தேன். "இது நஷ்டம்னு நினைக்காத. தாத்தா காரை ஓட்டுற ஆசையோட மாச வாடகை இது. 10,000 குடுத்து இந்த ஆசையை வாங்கிக்க முடியும், மனசு சம்மதிக்குதுன்னா தாராளமா பண்ணு. ஆனா லாபம்னு பேர் வச்சுப் பண்ணாத."

ஆசைக்கு ஒரு விலை இருக்கு. அதைத் தெரிஞ்சு குடுத்தா அது செலவு. தெரியாம குடுத்தாத்தான் அது நஷ்டம்.

வித்தா வரி உண்டா? மும்பை ஃபோர்டு சொல்ற பாடம்

நம்மள மாதிரி சம்பளக்காரங்க கட்டாயம் தெரிஞ்சுக்க வேண்டிய வழக்கு இது. மும்பையில ஒரு சம்பளக்காரர் 1983ல 1931 மாடல் ஃபோர்டு டூரர் ஒண்ணை 20,000 ரூபாய்க்கு வாங்கினாரு. 1992-93 மதிப்பீட்டு ஆண்டுக்கான கணக்குல அதை 21 லட்சத்துக்கு வித்திருந்தாரு. லாபம் 20.8 லட்சம். வருஷத்துக்குச் சுமார் 70 சதவீத வளர்ச்சி, ஃபெராரிக்காரரே பொறாமைப்படணும்!

"இது என் சொந்த உபயோகக் கார், அதனால வரி கிடையாது"ன்னாரு. அதுக்குச் சட்டத்துல இடம் இருக்கு. சொந்த உபயோகத்துக்கு வச்சிருக்கிற அசையும் பொருட்கள் மூலதனச் சொத்துக் கணக்குல வராது. நீங்க ஓட்டின பைக்கையோ காரையோ லாபத்துக்கு வித்தாலும் மூலதன ஆதாய வரி இல்லாததுக்குக் காரணம் இதுதான். நகை, ஓவியம், சிற்பம், கலைப்படைப்பு மாதிரி சிலதுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது.

ஆனா வருமான வரித்துறை ஒத்துக்கல. தீர்ப்பாயத்துல அவருக்கு எதிரா முடிவு வந்து, ஹைகோர்ட்டுக்குப் போனாரு. 2025ல பம்பாய் ஹைகோர்ட் தீர்ப்பு சொல்லிச்சு: வரி உண்டு. காரணம் ரொம்ப எளிமை. காரைச் சொந்தமா உபயோகிக்க முடியும்ங்கிறது போதாது, உண்மையிலேயே உபயோகிச்சிருக்கணும். அவர் எப்பவாவது ஓட்டினாருங்கிறதுக்குக் கூட ஆதாரம் காட்ட முடியல. சொத்து வரிக் கணக்குல தன்னோட சொந்தப் பொருள்னு காட்டினது மட்டும் போதாதுன்னுட்டாங்க.

வித்தது 90களோட தொடக்கத்துல, தீர்ப்பு 2025ல. முப்பது வருஷத்துக்கு மேல! ஆதாரம் இல்லாத உரிமை எவ்வளவு பலவீனம்னு பாருங்க.

இன்னைக்கு அதே லாபம்னா வரி எவ்வளவு? 24 மாசத்துக்கு மேல வச்சிருந்து வித்தா நீண்டகால மூலதன ஆதாயம், 12.5 சதவீதம். 20.8 லட்சத்துக்கு 2.6 லட்சம், செஸ் சேர்த்து 2,70,400. வாரிசா வந்த பொருள்னா தாத்தா வச்சிருந்த காலமும் சேரும். 2001 ஏப்ரல் 1க்கு முன்னாடி வாங்கினதுன்னா, அன்னைக்கு இருந்த சந்தை மதிப்பை வாங்கின விலையா எடுத்துக்கலாம். 2026 ஏப்ரல்ல இருந்து அமலாகிற புதிய வருமான வரிச் சட்டத்துலயும் சொந்த உபயோகப் பொருளுக்கான விலக்கு தொடருது.

அதனால பழைய கார் வச்சிருக்கிறவங்க இன்ஷூரன்ஸ், பெட்ரோல் பில், சர்வீஸ் பில், குடும்பத்தோட போன பயண போட்டோ எல்லாத்தையும் தேதியோட ஒரு ஃபைல்ல போட்டு வைங்க. விலைக்கும் அதுதான் ஆதாரம், வரிக்கும் அதுதான் ஆதாரம்.

இன்னொரு எச்சரிக்கை. பழைய கார் வியாபாரத்துல "பாதி கேஷா குடுத்துடுறேன்"னு சொல்லுவாங்க. ஒரே பரிவர்த்தனைக்கு 2 லட்சம் அல்லது அதுக்கு மேல ரொக்கமா வாங்கினா, வாங்கின தொகை அளவுக்கே அபராதம். அபராதம் வாங்குறவருக்கு, அதாவது காரை விக்கிற உங்களுக்கு. பேங்க் வழியாவே வாங்குங்க.

நான் கேட்ட ஒரு கேள்வி

இவ்வளவும் பேசி முடிச்சுட்டு, "ஆர்.சி. யார் பேர்ல இருக்கு?"ன்னு கேட்டேன்.

தம்பி வீட்டுக்குள்ள போய் தாத்தாவோட டிரங்குப் பெட்டியைத் தூக்கிட்டு வந்தாரு. பழைய ஆர்.சி. புக் இருந்துச்சு. 1974ல ராஜபாளையத்துல ஒரு மில் மேனேஜர்கிட்ட இருந்து செகண்ட் ஹேண்டா வாங்கின ரசீது இருந்துச்சு. பழைய இன்ஷூரன்ஸ் தாள்கள் ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கியிருந்துச்சு. தாத்தா கணக்குல நல்ல ஆளு. ஆனா ஆர்.சி. இன்னும் தாத்தா பேர்லதான். அவர் இறந்தது 2009ல. உயில் இல்ல. பாட்டியும் இல்ல.

தாத்தாவுக்கு மூணு பிள்ளைங்க. தம்பியோட அப்பா, ரெண்டு அத்தைங்க. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகள்களுக்கும் சம பங்கு. அப்படின்னா இந்தக் காருல மூணுல ரெண்டு பங்கு அத்தைங்களோடது. தம்பிக்கு இன்னைக்குத் தேதியில ஒரு பங்கும் கிடையாது.

"தம்பி, நீ 6 லட்சம் லோன் போட்டு ரெஸ்டோர் பண்ணப் போறது உன்னோட காரே இல்ல"ன்னேன்.

கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம் மெதுவா, "அத்தைங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்கண்ணே"ன்னாரு. இருக்கலாம். தகரமா நிக்கிற வரைக்கும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. பளபளன்னு ஆகி 10 லட்சம்னு விலை பேசினா, அத்தைங்க சும்மா இருந்தாலும் அவங்க பிள்ளைங்க கேட்பாங்க. கேட்கிறது தப்பும் இல்ல, அவங்க உரிமை. கார் போனா போகட்டும், அத்தை வீட்டுப் பேச்சுவார்த்தை போயிடக் கூடாது.

வழி இருக்கு. வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், மத்த வாரிசுகளோட சம்மதக் கடிதம். இதோட ஃபார்ம் 31 குடுத்து முதல்ல அப்பா பேருக்கு மாத்தணும். ஓனர் இறந்தா மூணு மாசத்துக்குள்ள செய்ய வேண்டிய வேலை இது. லேட் ஆனதுக்குக் கட்டணம் வரும். பழைய புக் ஆர்.சி.ங்கிறதால விவரங்களை ஆன்லைன் பதிவேட்டுல ஏத்தவும் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்கணும்.

விண்டேஜ் பதிவா, சாதாரணப் புதுப்பிப்பா?

இங்க நிறைய பேர் ஏமாறுற இடம் ஒண்ணு இருக்கு. விண்டேஜ் பதிவுக்குப் புதுசா 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், அப்புறம் புதுப்பிக்க 5,000. கேட்க நல்லா இருக்கு. ஆனா அந்த வண்டியை அன்றாடம் ரோட்டுல ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குப் போகன்னு மட்டும்தான்.

சாதாரண ஆர்.சி. புதுப்பிப்புல வண்டியை ஆர்.டி.ஓ.கிட்ட காட்டி ஃபிட்னஸ் வாங்கணும், 5 வருஷத்துக்கு ஒரு தடவை. 20 வருஷத்தைத் தாண்டின காருக்குக் கட்டணம் 2025 ஆகஸ்ட்ல இருந்து 10,000 ரூபாய். பசுமை வரியும், பாக்கி இருந்தா அதுவும் தனி. ஆனா குடும்பத்தோட எங்க வேணும்னாலும் ஓட்டலாம். மும்பை வழக்கை நினைச்சுப் பாருங்க: ஓட்டினாத்தானே சொந்த உபயோகம்?

கண்காட்சிக்கு வைக்கிறவங்களுக்கு விண்டேஜ். ஓட்டணும்னு ஆசைப்படுறவங்களுக்குச் சாதாரணப் புதுப்பிப்பு.

கடைசியில என்ன ஆச்சு?

லோன் வேண்டாம்னு தம்பி பேங்குக்கு மெயில் போட்டுட்டாரு. கூரை தப்பிச்சுச்சு. மெக்கானிக்கிட்ட மறுபடி உட்கார்ந்து வேலையை மூணாப் பிரிச்சாங்க. முதல்ல பிரேக், டயர், வயரிங், இன்ஜின், அதாவது பத்திரமா ஓடுற நிலை மட்டும். இந்த வருஷ போனஸ் அதுக்குப் போதும். அடுத்த வருஷம் தகர வேலை. பெயிண்டிங் கடைசி. ஒவ்வொரு வேலைக்கும் பில்லும் போட்டோவும். கழட்டின அசல் பாகம் எதையும் காயலான் கடைக்குப் போடக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டேன்.

அத்தைங்ககிட்ட சம்மதக் கடிதம் கேட்கப் போனப்போ தம்பிக்குத்தான் நெஞ்சு படபடப்பு. பெரிய அத்தை கடிதத்தைப் படிச்சுப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்களாம்: "ஆடிப்பூரத் தேருக்குள்ள ஓடுமாடா?" சின்ன வயசுல அந்தக் கார்லதான் தாத்தா எல்லாரையும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவில் தேருக்குக் கூட்டிட்டுப் போவாராம். சின்ன அத்தை ஒரு நிபந்தனை போட்டாங்க, முன் சீட்டு அவங்களுக்கு. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாச்சு. விக்கிறதா இருந்தா மூணு வீட்டுக்கும் சம பங்குன்னும், அதுக்கு முன்னாடி தம்பி செஞ்ச செலவைக் கழிச்சுக்கலாம்னும் அதே தாள்ல எழுதிக்கிட்டாங்க.

வீட்டுல பழைய வண்டி இருந்தா, இந்த அஞ்சும் செய்யுங்க

1. முதல்ல ஆர்.சி. யார் பேர்லன்னு பாருங்க. இறந்தவர் பேர்ல இருந்தா, ஸ்பேனரைத் தொடுறதுக்கு முன்னாடி வாரிசுகள் எல்லார்கிட்டயும் சம்மதம் வாங்குங்க.

2. இருக்கிற காகிதம் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி வைங்க. பழைய ரசீது, இன்ஷூரன்ஸ், போட்டோ எதையும் தூக்கிப் போடாதீங்க.

3. கடன் வாங்கி ரெஸ்டோர் பண்ணாதீங்க. ஆறு மாச எமர்ஜென்சி ஃபண்டும் ஹெல்த் இன்ஷூரன்ஸும் ரெடியான பிறகு, கையில மிஞ்சுற பணத்துல கொஞ்சம் கொஞ்சமா செய்யுங்க.

4. அசல் வடிவத்தை மாத்தாதீங்க. மாத்தினா சட்டமும் இடிக்கும், விலையும் இறங்கும்.

5. ஓட்டுங்க, ஆதாரம் வைங்க. விக்கிற வருஷம் உங்க ஆடிட்டர்கிட்ட முன்கூட்டியே பேசுங்க.

430 கோடி ஃபெராரியை நாம யாரும் வாங்கப் போறதில்ல. ஆனா நிறைய வீட்டு ஷெட்டுல, மாட்டுக் கொட்டகையில ஒரு ஹெரால்டோ, ஃபியட்டோ, ராஜ்தூத்தோ, புல்லட்டோ நின்னுக்கிட்டுத்தான் இருக்கு. உங்க வீட்டுல என்ன நிக்குது, ஆர்.சி. யார் பேர்ல இருக்குன்னு கமெண்ட்ல சொல்லுங்க. ரெண்டாவது கேள்விக்குப் பதில் தெரியலைன்னா, இன்னைக்கே அப்பாகிட்ட கேளுங்க.